மதுரையை வெளி வீதியிலிருந்து கோயில் வரை நடந்து பார்க்கும் முறை

மதுரைக்கு வருபவர்களில் பலர் நேரே மீனாட்சியம்மன் கோயில் வாசலில் இறங்கி, தரிசனம் முடித்து, அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியாக வெளி வீதி என்று அடுக்கடுக்காக அமைந்த இந்த ஊரின் அருமை, வெளிச்சுற்றில் தொடங்கித் தனியாகக் காலாற நடப்பவருக்கே விளங்கும். அதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.

காலை ஆறரை மணிக்குப் பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே தொடங்குங்கள். நாயக்கர் காலக் கோட்டையின் மேற்கு வாசலில் எஞ்சிய பகுதி அங்கே நிற்கிறது. 72 கொத்தளங்களுடன் விளங்கிய அந்தக் கோட்டையின் மதில்களை 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்து, அகழியையும் தூர்த்து, ஊர் விரிவதற்கு வழிசெய்தார். இதை மனத்தில் கொண்டு நடந்தால், மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையே மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று மாதப் பெயர் இல்லாத தெருக்கள் ஏன் வருகின்றன என்பது புரியும். அவை மதில் போன பிறகு எழுந்தவை.

அருகிலுள்ள கூடலழகர் கோயிலில், பெருமாள் இருந்தும் நின்றும் கிடந்தும் காட்சி தரும் மூன்றடுக்கு விமானத்தைப் பார்த்துவிட்டு, சிற்றுண்டி முடித்து, தெற்கு மாசி வீதி வழியாகக் கிழக்கே நடங்கள். திருவிழாத் தேர் ஓடுவதற்கென்றே அகலமாக அமைந்த வீதி இது. மாசியில் நடந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றியதால், இன்று சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுகிறது. வீதியின் கீழ்க்கோடியில் நிற்கும் விளக்குத்தூண், மேற்சொன்ன பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்டது.

அதன் பக்கத்துச் சந்தில் இருக்கும் பத்துத் தூண்களைத்தான் நான் எல்லோரையும் நின்று பார்க்கச் சொல்வேன். ஒருவர் இரு கைகளையும் விரித்து அணைத்தாலும் அடங்காத கற்றூண்கள், கூரை ஏதும் தாங்காமல், ஜவுளிக் கடைகளின் நடுவே வெறுமனே உயர்ந்து நிற்கின்றன. கடைகள் திறந்து துணிகளைத் தொங்கவிட்டபின் தூண்களின் அடிப்பகுதி மறைந்துவிடும் என்பதால், ஒன்பது மணிக்கு முன்பே அங்கே சென்றுவிடுவது நல்லது. அங்கிருந்து திருமலை நாயக்கர் மகாலுக்கு மெதுவாக நடங்கள். இந்தத் தூண்களும் 1636இல் கட்டப்பட்ட அந்த அரண்மனையைச் சேர்ந்தவையே. இன்று நாம் மகால் என்று காண்பது மூல அரண்மனையின் நான்கில் ஒரு பங்குதான் என்பர். இடையில் கடக்கும் வீடுகளையும் கடைகளையும் நீக்கிவிட்டு நினைத்துப் பார்த்தால், அதன் பரப்பைக் கால்களே அளந்து சொல்லிவிடும்.

மகால் ஒன்பது மணிக்குத் திறக்கிறது. நடுமுற்றத்தில் நின்று சொர்க்க விலாசத்தின் வளைவுகளை அண்ணாந்து பார்ப்பதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். பிறகு கீழமாசி வீதி வழியாக எழுகடல் தெருவை அடைந்தால், முடிக்கப்படாமல் நின்றுபோன இராய கோபுரம் தென்படும். கடைகளுக்கு இடையே எழும் அதன் நிலைக்கால்களில் கொடிவேலைப்பாடு இன்றும் கூர்மையாக இருக்கிறது. எதிரே உள்ள புது மண்டபமும் திருமலை நாயக்கர் கட்டியதே.

அதைத் தாண்டினால் சித்திரை வீதி. கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுசெல்ல அனுமதி இல்லை; காலணியோடு அதையும் வெளியிலுள்ள காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். வெயில் ஏறினால் கல்தளம் சுடும் என்பதாலும், பகல் பன்னிரண்டரை மணியளவில் நடை சாத்திவிடுவார்கள் என்பதாலும், பதினொரு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். தாமதமானால் உணவருந்தி இளைப்பாறிவிட்டு நான்கு மணிக்கு மேல் வரலாம். தரிசனம் முடிந்ததும் பொற்றாமரைக் குளத்துப் படியில் அமர்ந்து, நான்கு இராஜகோபுரங்களிலும் உயரமான தெற்குக் கோபுரத்தைக் கண் நிறையப் பாருங்கள்.