பத்தடி பதினொரு இஞ்ச் என்பது 10.11 அல்ல: கட்டட வேலைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூர் அல்சூரில் ஒரு வீட்டு வேலை. அறைக்கு எத்தனை பெட்டி டைல்ஸ் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கூட இருந்த தம்பி சீட்டை நீட்டினான். 10.11 × 12 = 121.32 சதுர அடி. போன் கால்குலேட்டர் போட்ட பெருக்கல், அதில் பிழை இல்லை. ஆனால் அந்த அறையின் அகலம் பத்தடி பதினொரு இஞ்ச். அடிக்கும் இஞ்சுக்கும் நடுவில் அவன் வைத்த புள்ளியைக் கால்குலேட்டர் தசமப் புள்ளி என்று எடுத்துக்கொண்டது. அறையின் உண்மையான பரப்பு 131 சதுர அடி.

பத்து சதுர அடி பெரிய விஷயமா என்று தோன்றலாம். கடையில் '2×2' என்று சொல்லும் டைல்ஸ் பெரும்பாலும் 600 மில்லிமீட்டர்தான், முழு இரண்டடி கிடையாது. நாலு டைல்ஸ் உள்ள ஒரு பெட்டி பதினாறு சதுர அடி வராது, பதினைந்தரைதான் வரும். அவன் சீட்டுப்படி எட்டுப் பெட்டி போதும். சரியான கணக்குக்கு, சேதாரம் சேர்க்காமலே ஒன்பது பெட்டி ஆகும். ஒரு பெட்டி குறைந்து மறுபடி கடைக்குப் போனால் அதே பேட்ச் கிடைக்காமல் போகலாம், நிறம் ஒரு சாயல் மாறி நிற்கும். அது தரை இருக்கும் வரை கண்ணில் படும்.

ஆகவே இஞ்சை 12ஆல் வகுத்துத்தான் புள்ளிக்குப் பின்னால் எழுத வேண்டும். 3 இஞ்ச் 0.25, 6 இஞ்ச் 0.5, 9 இஞ்ச் 0.75, 11 இஞ்ச் 0.917. பத்தரை அடியை 10.6 என்று எழுதுபவர்களை இன்றும் தினம் பார்க்கிறேன். அது 10.5. சீட்டில் குறிக்கும்போது 10'-6" என்று எழுதிப் பழகுங்கள், புள்ளியைத் தசமத்துக்கு மட்டும் வையுங்கள்.

தளம் போடும்போதும் இதே தவறுதான் வேறு வேஷத்தில் வருகிறது. 600 சதுர அடித் தளம், ஐந்து இஞ்ச் கனம். ஐந்து இஞ்சை 0.5 அடி என்று போட்டால் 300 கன அடி வரும். சரியானது 600 × 5 ÷ 12, அதாவது 250 கன அடி. ரெடிமிக்ஸ் கான்கிரீட்டைக் கன மீட்டரில் சொல்ல வேண்டும், ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. சரியாகப் போட்டால் 7.08 கன மீட்டர், தவறாகப் போட்டால் 8.5. வண்டி வந்து நின்ற பிறகு மிச்சமாகும் கான்கிரீட்டை எங்கே கொட்டுவது?

பெங்களூரில் இன்னொரு தொல்லை, ஒரே வேலைத்தளத்தில் நாலு மொழி. நாம் 'நூல்' என்போம், வடக்கிலிருந்து வந்த தச்சர் 'சூத்' என்பார். இரண்டும் ஒன்றுதான், இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. இதில் குழப்பம் வருவதில்லை. குழப்பம் வருவது மில்லிமீட்டரில். மாடுலர் கிச்சன் செய்யும் பட்டறைக்காரர்கள் மில்லிமீட்டரில்தான் ஆர்டர் எடுப்பார்கள். 'அடிக்கு 300 மில்லி' என்று மனக்கணக்குப் போட்டுப் பத்தடிச் சுவருக்கு 3000 என்று சொல்லிவிடுவோம். ஒரு அடி 304.8 மில்லிமீட்டர். பத்தடிக்கு 48 மில்லிமீட்டர் குறையும், கிட்டத்தட்ட இரண்டு இஞ்ச். அந்த இடைவெளியை மறைக்க அப்புறம் ஒரு மரப்பட்டி அடிக்க வேண்டிவரும். டேப்பில் மில்லிமீட்டர் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் நேராகப் படித்து எழுதிவிட்டால் மாற்றும் வேலையே இல்லை.

பிளைவுட் அறுக்கும்போது ரம்பம் தின்னும் அளவை மறப்பதும் இந்த வகைதான். எட்டடி ஷீட் 2440 மில்லிமீட்டர். நாலு சம துண்டு என்றதும் 610 என்று குறித்துவிடுவார்கள். பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் 3 மில்லிமீட்டர் எடுக்கும். மூன்று வெட்டுக்கு ஒன்பது போனால் துண்டுக்கு 607.75தான். நாலாவது துண்டு மட்டும் ஏன் குறைந்தது என்று டேப்பைச் சந்தேகப்பட்டுப் பயனில்லை.

இனி மூலைமட்டம், அதாவது மூலை சரியான செங்கோணத்தில் இருப்பது. இதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே தவறினால் வீடு முழுக்கத் தவறும்.

நம் ஊரில் மனை என்றாலே பெரும்பாலும் முப்பதுக்கு நாற்பது. மூலைக்கு மூலை குறுக்கே கயிறு பிடித்தால் சரியாக 50 அடி வர வேண்டும். மேஸ்திரிகள் எல்லாருக்கும் மனப்பாடமான 3-4-5 கணக்கின் பத்து மடங்குதான் அது. இதனால்தான் ஒரு தவறு இங்கே ஒளிந்துகொள்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு பழைய பாட்டுக் கணக்கு உண்டு: நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, அகலத்தில் பாதியைக் கூட்டினால் குறுக்களவு கிடைக்கும், வர்க்கமூலமே தேவையில்லை என்று. முப்பதுக்கு நாற்பதில் போட்டுப் பாருங்கள். 40இல் 5 போக 35, அதோடு 15, மொத்தம் 50. அப்படியே பொருந்தும். 5-12-13க்கும் பொருந்தும்.

நானும் அதை நம்பினேன். நாகவாரா பக்கம் ஒரு இருபதுக்கு முப்பது மனையில் அதையே போட்டேன். 30இல் 3¾ போக 26¼, அதோடு 10, ஆக 36 அடி 3 இஞ்ச். அந்த அளவுக்குக் கயிற்றை இழுத்து, ஆணி அடித்து, சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று. மண் வெட்ட ஆள் இறங்கும் முன், எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த குறுக்கையும் பிடிக்கச் சொன்னேன். டேப்பின் மறுமுனையில் இருந்தவர் "முப்பத்தஞ்சு பத்து" என்றார். மறுபடி இழுக்கச் சொன்னேன், அதேதான். ஒரு குறுக்கு 36 அடி 3 இஞ்ச், இன்னொன்று 35 அடி 10 இஞ்ச். நாலு பக்கமும் இருபது, முப்பது என்று கச்சிதமாக இருந்தும் மனை சாய்ந்து நின்றது. இருபதடிப் பக்கம் கிட்டத்தட்ட மூன்று இஞ்ச் வெளியே தள்ளியிருந்தது. சரியான குறுக்களவு 36 அடியோடு முக்கால் இஞ்சுக்கும் சற்றுக் குறைவு. 20ஐ 20ஆல் பெருக்கு, 30ஐ 30ஆல் பெருக்கு, கூட்டினால் 1300, அதன் வர்க்கமூலம் 36.06. போனில் இரண்டு நிமிஷ வேலை.

அந்தப் பாட்டுக் கணக்கு குத்துமதிப்பு. சதுர அறைக்கு இன்னும் மோசமாகும்: பத்துக்குப் பத்தில் 13 அடி 9 இஞ்ச் என்று சொல்லும், உண்மையில் 14 அடி 1¾ இஞ்ச் வரும். பழையதை மதிக்கிறேன், ஆனால் அஸ்திவாரக் கோட்டை அதைக்கொண்டு போடக் கூடாது. பக்கங்களை மட்டும் அளந்து மட்டம் சரி என்று சொல்வதும் கூடாது. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இரண்டு குறுக்கும் சமமாக வந்தால்தான் மூலை மட்டம். வேலைத்தளத்தில் சிலர் ஓரடி மூலைமட்டப் பலகையை வைத்துப் பார்த்துவிட்டு முப்பதடிக்குக் கயிறு நீட்டுவார்கள். பலகையில் அரை நூல் விலகல் கண்ணுக்குத் தெரியாது, முப்பதடி தள்ளி அது பதினைந்து நூல், இரண்டு இஞ்சுக்குப் பக்கம். மனையே கோணலாக இருந்தால் வேறு விஷயம். அங்கே காம்பவுண்டை அதன் போக்கில் விட்டு, வீட்டை மட்டும் மட்டத்தில் வையுங்கள்.

ட்யூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம், பிடிக்கும்போது குழாய்க்குள் காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். குமிழ் இருந்தால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்காது. குளியலறைச் சரிவுக்கு 'அடிக்கு ஒரு நூல்' என்ற வழக்கு நல்ல வழக்கு, நூற்றுக்கு ஒன்றைவிடச் சற்றுக் கூடுதல். வடிகால் ஐந்தடி தள்ளி என்றால் ஐந்து நூல் இறங்க வேண்டும்.

படிக்கட்டுக் கணக்கில் கூட்டல் தவறு கிடையாது, சேர்ந்துகொண்டே போகும் தவறுதான். தளத்திலிருந்து தளம் பத்தடி, அதாவது 120 இஞ்ச். ஆறு இஞ்ச் உயரம் வைத்தால் இருபது படி. வீட்டுக்காரர் ஒற்றைப்படையில் பத்தொன்பது வேண்டும் என்கிறார். 120ஐ 19ஆல் வகுத்தால் 6 இஞ்ச் இரண்டரை நூல். அரை நூல் எதற்கு என்று மூன்று நூலாக வைத்தால் கடைசிப் படி 5¼ இஞ்சில் வந்து நிற்கும், இரண்டு நூலாக வைத்தால் ஏழரை ஆகிவிடும். ஒவ்வொரு படியாக அளந்து மேலே ஏறாதீர்கள். நேரான பட்டி ஒன்றில் கீழிருந்தே எல்லாப் படியையும் குறியுங்கள்: ஐந்தாவது படிக்கு 120 × 5 ÷ 19, பத்தாவதுக்கு 120 × 10 ÷ 19. பிழை ஏதும் இருந்தால் அது அந்தப் படியோடு நிற்கும்.

தரைப் பூச்சை மறப்பது அதைவிட ஆபத்து. ஆறு இஞ்சில் இருபது படி வார்த்தாயிற்று. படிக்கு ஒரு இஞ்ச் கிரானைட், கீழ்த் தரைக்கும் மேல் தரைக்கும் டைல்ஸோடு இரண்டு இஞ்ச் என்றால், எல்லாம் முடிந்தபின் முதல் படி ஐந்து இஞ்ச், கடைசிப் படி ஏழு இஞ்ச், நடுவில் எல்லாம் ஆறு. இறங்கும் கால் முதல் எட்டிலேயே ஒரு இஞ்ச் அதிகம் விழும், வயதானவர்கள் தடுமாறுவது அங்கேதான். கான்கிரீட் வார்க்கச் சென்ட்ரிங் பலகை அடிக்கும்போதே கீழ்ப் படியை ஏழாகவும் மேல் படியை ஐந்தாகவும் வைத்துவிட்டால் பூச்சுக்குப் பின் எல்லாம் ஆறாகிவிடும்.

கடைசியாக மரம். மைசூர் ரோட்டுப் பக்கம் டிம்பர் யார்டு லேஅவுட்டில் வாசக்காலுக்கு மரம் எடுக்கப் போகிறீர்கள். 5×3 சைஸ், ஏழடியில் இரண்டு, மூன்றரை அடியில் ஒன்று, ஆக 17½ அடி. 5 × 3 × 17½, வகுக்க 144, ஆக 1.82 கன அடி. நீளத்தையும் இஞ்சில் எடுத்தால்தான் 1728ஆல் வகுக்க வேண்டும், இரண்டையும் கலந்துவிடாதீர்கள். இழைத்த பிறகு 5×3 என்பது 4¾×2¾ ஆகிவிடும், ஆனால் பில் அறுத்த அளவுக்குத்தான். கதவு அந்த இழைத்த அளவுக்குள்தான் உட்கார வேண்டும். ஆகவே கதவுக்கு அளவு சொல்லும் முன் வாசக்காலை நிறுத்தி, உள்பக்கத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து கொள்ளுங்கள்.