குழியில் வரும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

நொதித் தடுப்பான் மருந்தை மேம்படுத்த, 384 அல்லது 1536 குழிகள் உள்ள தட்டில் குழிக்குச் சில மைக்ரோலிட்டர் மட்டும் எடுத்து, நூற்றுக்கணக்கான வினைகளை ஒரே மூச்சில் நடத்தி, சுத்திகரிக்காமலே நொதியோடு சேர்த்துப் பார்க்கும் முறை அருமையானது. ஆனால் அதில் கிடைக்கும் எண் மூலக்கூறின் வீரியத்தை மட்டும் சொல்வதில்லை, அந்தக் குழியில் வினை எவ்வளவு நடந்தது என்பதும் அதற்குள் கலந்திருக்கிறது. இதை மறப்பதுதான் பெரிய தவறு.

ஒரே அமிலத்தோடு முந்நூறு அமீன்களை அமைடாக இணைக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு குழியில் விளைச்சல் 80%, இன்னொன்றில் 8%. இரண்டு சேர்மங்களும் உண்மையில் ஒரே வீரியம் கொண்டவையாக இருந்தாலும் இரண்டாவதன் ஐசி50 (நொதியின் வேலையைப் பாதியாகக் குறைக்கத் தேவைப்படும் செறிவு) பத்து மடங்கு மோசமாகத் தெரியும், நீங்களும் அதைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். என்னைக் கேட்டால் போலி ஹிட்டை (வேலை செய்வதுபோல் பொய்யாகத் தெரியும் சேர்மத்தை) விட இதுதான் ஆபத்து, ஏனென்றால் தள்ளிவிட்ட சேர்மத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அதனால் எல்லாக் குழிகளையும் எல்சி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து, எடையை வைத்து மூலக்கூறை அடையாளம் காட்டும் கருவியில்) ஓட்டுங்கள். விளைபொருள் உருவாகவே இல்லையென்றால் அது 'வேலை செய்யாத சேர்மம்' அல்ல, 'சோதிக்கப்படாத சேர்மம்'. பட்டியலில் அப்படியே எழுதுங்கள். எஸ்பிஆர் (மூலக்கூறு நொதியில் ஒட்டுவதையும் பிரிவதையும் நேரடியாக அளக்கும் முறை) வசதி இருந்தால் சேர்மம் நொதியை விட்டுப் பிரியும் வேகத்தைப் பாருங்கள், அது செறிவைச் சார்ந்ததல்ல என்பதால் கச்சாக் கலவைக்கு நன்றாகப் பொருந்தும்.

அப்புறம், தடுப்பது யார்? சில வினைகளில் வினையூக்கியாகச் சேர்த்து மிச்சமிருக்கும் பல்லேடியமோ தாமிரமோ, சிஸ்டீன் புரோட்டியேஸின் (கந்தகமுள்ள சிஸ்டீனைக் கொண்டு புரதத்தை வெட்டும் நொதியின்) கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அழகான ஹிட் போல நடிக்கும். ஹாட்டு மாதிரியான, அமிலத்தையும் அமீனையும் இணைக்க உதவும் ரியேஜெண்டும் மிச்சமிருந்தால் நொதியோடு வினைபுரியலாம். வெறும் டிஎம்எஸ்ஓவை (சேர்மங்களைக் கரைக்கும் கரைப்பானை) மட்டும் கண்ட்ரோலாக, அதாவது ஒப்பீட்டுக் குழியாக, வைத்தால் இதெல்லாம் தெரியவே தெரியாது. அமீன் மட்டும் இல்லாத கலவை ஒன்று, அமிலம் மட்டும் இல்லாதது ஒன்று, தெரிந்த தடுப்பானை அதே தட்டில் அதே வினையில் செய்தது ஒன்று, மூன்றும் வேண்டும். சேர்மம் திரண்டு நொதியை ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்க 0.01% டிரைட்டான் எக்ஸ்-100 (சோப்பு போன்ற பொருள்) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். வீரியம் காணாமல் போனால் பெரும்பாலும் திரட்சிதான் காரணம்.

மேம்படுத்தல் நன்றாகப் போகும்போது வரும் சிக்கல் இது: சோதனையில் நொதி 20 நானோமோலார் இருந்தால், சாதாரண மீள்தடுப்பானின் (நொதியில் ஒட்டி மறுபடி பிரியக்கூடிய தடுப்பானின்) ஐசி50 சுமார் 10 நானோமோலாருக்குக் கீழே இறங்காது. சேர்மம் எவ்வளவு மேம்பட்டாலும் எண் அங்கேயே முட்டி நிற்கும், நீங்களோ 'இனி முன்னேற்றம் இல்லை' என்று நிறுத்திவிடுவீர்கள். நிறுத்துவதற்கு முன்னால் நொதியின் அளவைக் குறைத்துப் பாருங்கள், அல்லது நொதியின் அளவையும் கணக்கில் எடுக்கும் மாரிசன் சமன்பாட்டில் கேஐயை (சேர்மம் நொதியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று காட்டும் எண்ணை) கணக்கிடுங்கள்.

டிஎம்எஸ்ஓ ஈரத்தை உறிஞ்சும், எனவே தட்டை மூடி வையுங்கள். நல்ல ஹிட்டுகளோடு, எல்சி-எம்எஸ்ஸில் விளைபொருள் தெரிந்தும் பலவீனமாக வந்த சிலவற்றையும் மில்லிகிராம் அளவில் மறுபடி செய்து, சுத்திகரித்துச் சோதித்த பிறகே மூலக்கூறின் எந்தக் குழுவை மாற்றலாம் என்று முடிவெடுங்கள்.