மேக்ரோவுக்கு கம்மி காசுல லைட்டு வாங்கறப்ப பண்ணக்கூடாத தப்புக

மேக்ரோ, அதாவது சின்னப் பொருள நெம்பப் பக்கத்துல போயி பெருசா காட்டற படம், எடுக்க ஆரம்பிக்கறவங்க நெறைய பேரு மொதல்ல வாங்கறது ரீல்ஸ் எடுக்கற ரிங் லைட்டுதானுங்க. வெல கம்மி, ஸ்டாண்டோட வருது, வேறென்ன வேணும்னு தோணும். ஆனா அது மூஞ்சிக்குன்னு செஞ்ச லைட்டு, பூச்சிக்கு ஆகாது. மொதல்ல வெளிச்சமே பத்தாது. 1:1 அளவுக்கு, அதாவது பூச்சி அதோட நெச அளவுலயே சென்சார்ல விழற அளவுக்கு, கிட்ட போனா வெளிச்சம் ரெண்டு ஸ்டாப் கொறஞ்சு நாலுல ஒரு பங்காயிரும், நீங்க லென்ஸ் தொளைய எஃப்11ன்னு சின்னதா வெச்சிருந்தாலும் வெளிச்சக் கணக்குக்கு அது எஃப்22 மாதிரிதான், ஆனா பூச்சியோட தலையும் முதுகும் ஒண்ணா ஷார்ப்பா வரோணும்னா அந்தளவுக்கு மூடாம முடியாது, அப்ப ஷட்டர் 1/30க்கு எறங்கிரும் இல்லைன்னா ஐஎஸ்ஓ எங்கயோ போயிரும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துல பொள்ளாச்சிப் பக்கம் ஒரு புல்லு ஆடாம நிக்குமா சொல்லுங்க.

இன்னொண்ணு, ரிங் லைட்டு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடிக்குது, அதனால நெழலே வராது, நெழல் இல்லைன்னா உருவமும் தட்டையாத்தான் தெரியும். குதிக்கிற சிலந்தியோட முன்னாடி ரெண்டு பெரிய கண்ணு இருக்குதில்லீங்களா, அதுக்குள்ள வெள்ளையா ரெண்டு வளையம் விழுந்து கெடக்கும், அப்பறம் படத்துல வேற எதையுமே பார்க்கத் தோணாது.

திருப்பூர்ல துணி குளோசப் எடுத்து பையருக்கு அனுப்பறவங்களும் இதே தப்பத்தான் பண்றாங்க. நிட் துணியோட லூப்பு லூப்பா தெரியறதுதான் அந்தப் படத்துக்கு உயிரே. நேரா மேல இருந்து லைட்டு போட்டா சிங்கிள் ஜெர்சிங்கற பனியன் துணி வெறும் வெள்ளைப் பேப்பர் மாதிரி இருக்கும். ஒரே ஒரு லைட்ட மேசைக்கு ஒட்டுனாப்ல பக்கவாட்டுல கொண்டாந்து வையுங்க, ஒவ்வொரு லூப்புக்கும் பக்கத்துல குட்டியா ஒரு நெழல் விழும், துணியோட மொகம் அப்பத்தான் தெரியும். இதுக்கு டேபிள் லேம்பே போதும், புதுசா ஒண்ணும் வாங்க வேண்டாம்.

உசுரோட இருக்கறத எடுக்கறதுக்கு பிளாஷ்தானுங்க சரி. இங்க டிடிஎல், அதாவது லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்த அளந்து பவர தானா வெச்சுக்கற வசதி, இருக்கற பிளாஷ்தான் வேணும்னு காச எறைக்காதீங்க. தூரம் மாறாத வேலை இது, ஒருக்கா மேனுவல்ல பவர் செட் பண்ணிட்டா நாள் பூரா அதே ஓடும். கோடாக்ஸ் டிடி600, யாங்நுவோ 560 மாதிரி மேனுவல் பிளாஷ் தாராளம். ஃபுல் பவர்ல இந்த டிடி600 வெளிச்சம் சுமாரா 1/300 செகண்டு இருக்கும், பவர கொறைக்க கொறைக்க அதுவும் சுருங்கி 1/20000 வரைக்கும் போகும், அதாவது காத்துல ஆடற எலைய நிறுத்தறது உங்க ஷட்டர் இல்லைங்க, அந்த வெளிச்சந்தான். அது தெரியாம ஷட்டர 1/500ன்னு ஏத்தி வெச்சுட்டு படத்துல பாதி கறுப்பா வருதுன்னு கேமராவத் திட்டறவங்க நெறைய. பெரும்பாலான கேமராவுல 1/200 பக்கத்துலயே நின்னுக்கோணும். போன்ல கிளிப் லென்ஸ் மாட்டி எடுக்கறவங்க பிளாஷ் வாங்கவே வேண்டாம், போன் கேமராவோட அது சேர்ந்து வேலை செய்யாது, உங்களுக்கு சின்ன எல்இடி பேனல்தான்.

இப்ப முக்கியமான தப்புக்கு வர்றேன். எல்லாரும் காச லைட்டுக்கு போடறாங்க, வெளிச்சத்தப் பரப்பி மென்மையாக்கற டிஃப்யூசருக்கு போடறதில்ல. பிளாஷ் மூஞ்சி ஏழு சென்டிமீட்டர் இருக்குமா, அத அரையடி ஒரு அடி தள்ளி வெச்சா பூச்சிக்கு அது உச்சி வெயில் மாதிரி, பளபளன்னு இருக்கற வண்டு முதுகுல ஒரு வெள்ளப் பொட்டு, பக்கத்துல கன்னங்கரேல்னு நெழலு. பதினஞ்சு சென்டிமீட்டர் அகலத்துல ஒரு டிஃப்யூசர லென்ஸ் மூக்குக்கு மேல வளைச்சாப்ல கொண்டாந்து பூச்சிக்கு நெம்ப பக்கத்துல நிறுத்துங்க, வெளிச்சம் அப்பிடியே வழுக்கிட்டு போகும். அதோட தூரத்த பாதியாக்குனா வெளிச்சம் நாலு மடங்கு கெடைக்கும், அப்ப பவர கொறைக்கலாம், பேட்டரியும் நிக்கும்.

செய்யறதும் சுலபந்தான், ஸ்டேஷனரி கடை டிரேசிங் பேப்பரு, இல்லைன்னா வெள்ளை பிளாஸ்டிக் ஃபைல் அட்டை, உள்பக்கம் வெள்ளைச் சார்ட்டு ஒட்டுன ஒரு அட்டை. ஆனா பேப்பர பிளாஷ் மூஞ்சி மேலயே ஒட்டிடாதீங்க, லைட்டு பெருசாகாது, வெளிச்சம் கொறையறது ஒண்ணுதான் மிச்சம். நடுவால எடைவெளி வேணும். திருப்பூர்க்காரங்க கையில இருக்குதேன்னு வெள்ளை பனியன் துணிய மாட்டுவாங்க, அதுல பளீர்னு தெரியறதுக்கு பிரைட்னர் ஏத்தியிருந்தா பிளாஷ் வெளிச்சத்துல லேசா நீலம் அடிக்கும், பூச்சி படத்துல பரவால்ல, பட்டுச் சேலைக்கோ நகைக்கோ ஆகாது.

கலருன்னா எல்இடி வாங்கறப்ப டப்பாவுல போட்டிருக்கற வாட்ட பாக்காதீங்க, அதுல பாதி கதை. சிஆர்ஐ, அதாவது கலர எவ்வளவு சரியா காட்டுதுங்கற அளவு, 95க்கு மேல இருக்குதான்னு பாருங்க. சிஆர்ஐ கொறைஞ்ச லைட்டுல செவப்பு செத்துப் போயிரும், ஈரோட்டு மஞ்சள ஒடச்சு வெச்சு எடுத்தாக்கூட உள்ளாற இருக்கற அந்த ஆரஞ்சு வராது. ரூம்ல டியூப்லைட்டு எரியறப்பவே எல்இடியும் போட்டு எடுக்கறது இன்னொரு தொந்தரவு, ரெண்டு கலரு கலந்துட்டா எந்த சாஃப்ட்வேர்லயும் சுலபத்துல பிரிக்க முடியாது, ஒண்ண அணைச்சிருங்க.

பிளாஷுக்குப் போடற பேட்டரி செல்லு விஷயத்துல மிச்சம் பிடிக்காதீங்க. சாதா அல்கலைன் போட்டா பிளாஷ் ரெடியாக நேரமாகும், அதுக்குள்ள தும்பி போயிருக்கும். ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லு ரெண்டு செட்டு வெச்சுக்கோங்க.

கடைசியா, கம்மியா கெடைக்குதேன்னு செகண்ட்ஹேண்ட்ல பிலிம் காலத்து பிளாஷ் எடுக்கறவங்களுக்கு. பழைய விவிட்டார் 283 மாதிரி சிலதுல டிரிக்கர் வோல்டேஜ், அதாவது கேமராவத் தொடற முனையில இருக்கற வோல்டேஜ், 200க்கும் மேல வரும், புது கேமராவுல மாட்டுனா சர்க்யூட் போனாலும் போயிரும். எலக்ட்ரிக் வேலை தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து, பிளாஷ் ரெடி லைட்டு எரியறப்ப அடிப்பக்கத்து நடுப் புள்ளிக்கும் ஓரத் தகட்டுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வெச்சு பாக்கச் சொல்லுங்க, கேமராவோட வர்ற கையேட்டுல போட்டிருக்கறதவிட ஜாஸ்தியா இருந்தா கேமரா மேல மாட்டவே வேண்டாம், தனியா ஒரு ஆப்டிகல் ஸ்லேவ், அதாவது இன்னொரு பிளாஷ் அடிக்கறதப் பாத்து இதையும் அடிக்க வெக்கற சின்னக் கருவி, வாங்கி ரெண்டாவது லைட்டா பின்பக்கம் நிறுத்திக்கலாம்.