சிமுலேஷனும் தொட்டித் தண்ணீரும்

சிங்கப்பூரில் கிளமெண்டி பக்கம் ஓர் ஆய்வகத்தில், 1 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட் அலைகளைக் கணினியில் கணக்கிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஹைட்ரோஃபோன் (தண்ணீருக்குள் ஒலியைப் பிடிக்கும் மைக்) வைத்து அளந்து ஒப்பிடுவது என் வேலை. மூன்று நாளாக இரண்டும் ஒத்துவரவில்லை. 10 செ.மீ. தூரத்தில், கணக்கு சொன்னதைவிட 0.65 மைக்ரோநொடி முந்தியே அலை வந்தது. ஓர் அதிர்வுக்கே 1 மைக்ரோநொடிதான். அப்படியென்றால் பாதி அலைக்கும் மேல் பிசகு. கணினி தண்ணீரைப் பிரித்துக் கணக்கிடும் சின்னச் சின்னக் கட்டங்களை இன்னும் சிறிதாக்கினேன். அசையவே இல்லை.

கூட வேலை செய்யும் தம்பிதான் கேட்டார்: "அண்ணே, தண்ணி எத்தனை டிகிரி?"

தெர்மாமீட்டரைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தால் 25. நான் போட்டிருந்ததோ 20 டிகிரிக்கான ஒலிவேகம், நொடிக்கு 1482 மீட்டர். 25 டிகிரியில் அது 1497. மாற்றியதும் கணக்கு, அளவீடு இரண்டின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. அப்பாடா!

அப்புறம் அலையின் அழுத்தம். அளந்த உச்சம் குறைவு, அதுவும் நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போனது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அலையை அனுப்பும் டிரான்ஸ்டியூசரின் முகத்தில் கடுகைவிடச் சிறிய காற்றுக் குமிழிகள்! அவை ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். மெல்லிய தூரிகையால் அவற்றைத் துடைத்தேன். கரைந்திருக்கும் காற்று வெளியேறக் கொதிக்கவைத்து, ஆறிய தண்ணீரைக் குமிழி எழாமல் மெதுவாக நிரப்பினேன். உச்சமும் கணக்கை எட்டியது. இப்போது ஒவ்வோர் அளவீட்டோடும் வெப்பநிலையையும் எழுதி வைக்கிறேன்.