ஐந்தே முக்கால் அடிக்கு ஒரு கோடைச் சுடிதார்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் சித்திரை வெயிலோடு கடலின் ஈரக்காற்றும் சேர்ந்தால் வேர்வை காயவே காயாது. என் உயரம் 5 அடி 9 அங்குலம், மார்புச் சுற்றளவு 48 அங்குலம். ரெடிமேடில் அகலம் சரியாக இருந்தால் நீளம் முழங்காலோடு நின்றுவிடும். போன வருடம் வாங்கியது பாலியஸ்டர் கலந்த துணி. ராமநாதபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் முதுகில் ஒட்டிக்கொண்டது. அக்குள் சிவந்து இரண்டு நாள் எரிந்தது.

இந்த முறை பரமக்குடி பருத்திச் சேலை ஒன்றையே தைக்கக் கொடுத்துவிட்டேன். கடையில் சுடிதாருக்கென்று வெட்டித் தரும் 2.5 மீட்டர் எனக்குப் பத்தாது. சேலையில் ஐந்தரை மீட்டர் இருக்கிறதே! வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தேன். பருத்தி முதல் அலசலில் சுருங்கும், அப்புறம் நீளம் போனால் போனதுதான்.

தையல் அக்காவிடம் ஒன்றை மட்டும் விடாமல் கேட்டேன்: "கைக்குழி இறுக்கமா வேணாங்க்கா. அக்குள்ல சின்னதா ஒரு சதுரத் துண்டு வச்சுத் தைங்க."

"பெருசாத் தெரியுமேம்மா?"

"தெரியட்டும்க்கா, காத்துப் போகணும்."

உள்ளங்கை அளவுத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைத்தார். பஸ் கம்பியை எட்டிப் பிடித்தாலும் இப்போது தோள் இழுக்கவில்லை, சட்டையும் மேலே ஏறவில்லை. தொடை உரசலுக்கு உள்ளே முழங்கால் வரை பருத்தி டைட்ஸ். மிச்சத் துணி துப்பட்டாவாகிவிட்டது.