தம்பதி கவுன்சலிங்: போவதற்கு முன்பும் போன பிறகும் செய்யும் தவறுகள்

கணவன் மனைவிக்குள் சண்டை முற்றினால் நம் வீடுகளில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். இரண்டு பக்கமும் கேட்டு, யார் மேல் தப்பு என்று சொல்லி, "இனிமே இப்படி நடக்காது" என்று வாக்கு வாங்கி அனுப்பிவைப்பார்கள். அதே பழக்கத்தோடு கவுன்சலிங்குக்கும் போவதில்தான் பாதிச் சிக்கல். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், கணக்கு நோட்டு, சாட்சிக்கு அக்கா என்று தயாராகிப் போகிறார்கள். அங்கே தீர்ப்பு கிடைக்காது. கவுன்சலிங் தரும் தெரபிஸ்ட் கவனிப்பது சண்டை சுற்றிவரும் பாதையை: ஒருவர் கத்துகிறார், மற்றவர் வாயை மூடிக்கொள்கிறார், அந்த மௌனமே முதலாமவரை இன்னும் கத்த வைக்கிறது. இந்தச் சுற்றை எங்கே அறுப்பது என்பதுதான் அவருடைய வேலை.

ஆகவே பத்து வருடக் குற்றப்பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு, கடைசியாக நடந்த ஒரே ஒரு சண்டையை எழுதி எடுத்துப் போங்கள். எந்த நேரத்தில், எந்தச் சொல்லில் தொடங்கியது, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், எப்படி ஓய்ந்தது. அரைப் பக்கம் போதும்.

அறைக்குள் கற்றுக்கொடுப்பது என்ன? ஓர் உதாரணம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கணவர் அம்மாவோடு போனில் இருக்கிறார். "எப்பப் பாரு உங்க அம்மாதான் உங்களுக்கு முக்கியம்" என்று மனைவி ஆரம்பித்தால், "எங்க அம்மாவை இழுக்காதே" என்றுதான் பதில் வரும். தட்டில் ஆறிப்போன சாப்பாடு மறந்தே போகும். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஏங்க, சாப்பிடுற நேரத்துல அரை மணி நேரம் போன்ல இருந்தீங்க. நான் மட்டும் தனியா உட்கார்ந்திருந்தது கஷ்டமா இருந்துச்சு. நாளையிலேர்ந்து சாப்பிட்டு முடிச்சுட்டுப் பேசுறீங்களா?" நடந்தது, மனதில் பட்டது, வேண்டியது, மூன்றும் இதில் இருக்கின்றன. கணவர் செய்ய வேண்டியது, காரணம் சொல்வதற்கு முன் கேட்டதைத் திருப்பிச் சொல்வது: "நான் போன்ல இருந்தப்ப நீ தனியா உட்கார்ந்திருந்தே, அதானே?" முதலில் நாடக வசனம் மாதிரிதான் இருக்கும், சிரிப்புகூட வரும். வந்தால் நல்லதுதான். ஆனால் எடுத்த எடுப்பில் வீட்டுக் கடன், சொத்து, பழைய துரோகம் என்று பெரிய விஷயத்தில் இதைப் பயிற்சி செய்யாதீர்கள். வாரம் மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம், சின்னச் சின்ன விஷயத்தில் தொடங்குங்கள்.

இடைவேளை எடுப்பதிலும் தவறு நடக்கிறது. கோபத்தில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது காதில் ஏறாது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் காட்மன் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்துச் சொன்னது இது. உடல் தணியக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு போவது இடைவேளை ஆகாது. "அரை மணி நேரம் கழிச்சு வந்து பேசுறேன்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி திரும்ப வேண்டும். அந்த அரை மணியில் அடுத்த பதிலடியை மனதில் ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்கவே இறங்காது.

அடி, மிரட்டல், வெளியே போகவிடாமல் வைத்திருப்பது இவை இருந்தால் சேர்ந்து உட்காரும் கவுன்சலிங்கே வேண்டாம். அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் அடி விழும். தனியாகப் போய்ப் பேசுங்கள். பெண்கள் உதவி எண் 181. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரையும் அணுகலாம். குடி பெரிய பிரச்சினை என்றால் அதற்கான சிகிச்சை கூடவே நடக்க வேண்டும். போதையில் இருப்பவரிடம் பேச்சுப் பயிற்சி எடுபடாது.

"கவுன்சலிங் எல்லாம் போயாச்சு, பிரயோஜனம் இல்லை" என்பவர்களில் பலர் போனது குடும்ப நீதிமன்றத்துக்கு. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அங்கே நடப்பது வழக்கை முடிப்பதற்கான சமரச முயற்சி. இங்கே சொல்லும் கவுன்சலிங், அதாவது தெரபி, வேறு. காட்டாக, உணர்வை மையமாகக் கொண்ட தம்பதி தெரபி வழக்கமாக 8 முதல் 20 அமர்வு வரை போகும். இரண்டாவது அமர்வில் பழைய காயம் கிளறப்பட்டுச் சண்டை கூடியதும் நிறுத்திவிடுவது, புண்ணைத் திறந்துவிட்டு மருந்து போடாமல் எழுந்து வருவது மாதிரி.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை. கவுன்சலர் என்று போர்டு மாட்டியிருப்பவர்கள் எல்லோரும் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் என்று சொல்ல முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மனநலச் சிகிச்சை தரும் உளவியலாளர்) என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (RCI) பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். தம்பதிகளோடு வேலை செய்யத் தனிப் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். தனியாகப் பேசும் அமர்வில் சொல்லும் ரகசியத்தை அவர் என்ன செய்வார் என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். சிலர் காப்பார்கள், சிலர் துணையிடம் நீங்களே சொல்லியாக வேண்டும் என்பார்கள். வேறொரு உறவைப் பற்றி வாய்விட்ட பிறகு இந்த விதியைக் கேட்பதில் பயனில்லை.

துணை வர மறுத்தால் நீங்கள் மட்டும் போகலாம். சுற்றில் உங்கள் பாதி மாறினாலே சண்டையின் போக்கு மாறத் தொடங்கும். ஆனால் வீட்டுக்கு வந்ததும், "மேடமே சொல்லிட்டாங்க, தப்பு உங்க மேலதான்னு" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அதன் பிறகு அவரை அந்தப் படியேற வைக்க யாராலும் முடியாது.