வீட்டிலேயே படிக்க வைப்பதா, அரசுப் பள்ளியில் சேர்ப்பதா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மதுரை ஒத்தக்கடையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மூத்தவள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. சின்னவனுக்கு ஏழு வயது முடியும் வரை வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நேராக மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். இரண்டையும் பார்த்தவள் என்பதால் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிற அம்மாக்கள் இதையும் சேர்த்துக் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு உங்கள் வீட்டில் பிள்ளையோடு யார் இருப்பார்கள்?

பாடப்புத்தகம் பிரச்சினையே இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புது நத்தம் ரோட்டில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. கிடைக்காதது ஆள்தான். அப்பத்தா வீட்டில் இருக்கிறார் என்பது வேறு, தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து, அது கேட்கிற கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பது வேறு. மாட்டுத்தாவணிக்கு விடியுமுன் பூ வாங்கப் போய், பகலில் கண் அசந்தால் போதும் என்று திரும்புகிற அம்மாவுக்கு அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? அவரிடம் நான் தயங்காமல் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிடுவேன்.

எனக்கு அந்த நேரம் இருந்தது. தைக்கிற இடத்திலேயே அவனும் இருப்பான். இஞ்ச் டேப்பில் பெரிய கோடு, சின்னக் கோடு பார்த்து அரை, கால், அரைக்கால் என்று சொல்லப் பழகினான். கழுத்து இறக்கம் ஏழே கால், அதில் அரை இஞ்ச் குறைத்தால் எவ்வளவு என்று கேட்டால், டேப்பில் விரலை வைத்து நகர்த்திப் பார்த்து ஆறே முக்கால் என்பான். பின்னம் என்ற பாடம் வரும் முன்பே கணக்கு கைக்கு வந்துவிட்டது. ஆனால் எழுதுவது அப்படி வரவில்லை. அதற்குத் தினமும் நோட்டுப் போட்டு உட்கார வைக்கத்தான் வேண்டியிருந்தது. வீட்டில் படிக்கிற பிள்ளை தானாகவே எல்லாம் கற்றுக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

பள்ளியைப் பார்க்கப் போனால் விழா நாளில் போகாதீர்கள், சாதாரண நாளில் பத்தரை மணிக்குப் போங்கள். சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். அதாவது ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். ஒருவர் ரெக்கார்டு வேலையாகப் போய்விட்டால் மீதிப் பேர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். யாராவது ஒரு பிள்ளையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தப்பான எழுத்தின் மேலும் சிவப்பு மையில் டிக் இருந்தால், படிக்காமல் போட்ட டிக் என்று தெரிந்துவிடும். தப்பைச் சுழித்து, பக்கத்தில் சரியாக எழுதிக் காட்டியிருந்தால் அங்கே தைரியமாகச் சேர்க்கலாம். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்பதை, பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். குறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள், அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை.

சாப்பாட்டையும் கணக்கில் எடுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுக்கும் திட்டத்தை 2022 செப்டம்பரில் நம்ம மதுரையில்தான் தொடங்கினார்கள். காலையில் அவசரமாகக் கிளம்புகிற வீடுகளுக்கு இது பெரிய விஷயம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுக் கல்வியைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லவும் இல்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீடு தேடி வந்தால் மறைக்காமல் சொல்லி, நோட்டுகளைக் காட்டுங்கள். அதே சட்டம், பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. எங்கள் எச்.எம். கூட, "டிசி எல்லாம் வேணாம்மா, எட்டு வயசுன்னா மூணாப்பு, கூட்டிட்டு வாங்க" என்றுதான் சொன்னார்.

அதனால் ஐந்தாம் வகுப்பு வயது வரை தாராளமாக யோசிக்கலாம். ஆறாம் வகுப்பில்தான் கவனம் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அது 2020-இல் வந்தது, அடுத்த ஆண்டே பொறியியலுக்கும் வந்தது. கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். நம்மைப் போன்ற குடும்பங்கள் இதை விட்டுக்கொடுக்கும் முன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும்.

அதற்கு மேலும் வீட்டிலேயே என்று உறுதியாக இருப்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. மாநிலப் பாடத்திட்டத்திலேயே தனித்தேர்வராக எழுதவும் முடியும்.

வீட்டில் வைத்திருந்து பிறகு சேர்ப்பதாக இருந்தால், பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை, தேதி போட்ட நோட்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். பள்ளி திறக்கிற ஜூன் மாதமே சேர்ப்பது நல்லது, எல்லோருக்கும் புது வகுப்பாக இருக்கும். என் பையனுக்குப் பாடம் கஷ்டமாக இல்லை. மணி அடிக்கும் வரை ஒரே இடத்தில் உட்காருவதும், தண்ணீர் குடிக்கக் கேட்டுவிட்டுப் போவதும்தான் புதிதாக இருந்தது. இதைச் சேர்க்கும் அன்றே டீச்சரிடம் சொல்லி வையுங்கள். முதல் கொஞ்ச நாள் அவன் எழுந்து எழுந்து நடந்தால் சேட்டை என்று நினைக்காமல் பார்த்துக்கொள்வார்.